முடிவு தெரியாத படம்

கொழும்பு இரவு பஸ்ஸில்
ஹபறணையில் ஏறினான் டிலக்சன்.
படம் அதற்குள் பாதி ஓடிவிட்டது.
பெயர் தெரியாது.
கந்தளாய் தாண்ட
மழையில் ஒருத்தி மேடையில் ஓடுகிறாள்,
றெயில் நகர்கிறது,
கதவில் நீட்டிய ஒரு கை—
"திருமலை, இறங்குங்கோ!"
கண்டக்டர் டிவியை நிற்பாட்டினான்.

அதைத்தான் கட்டிவைத்திருக்கிறான்
ரீலோட் கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள்.
சாம்பல் கட்டிகளில் மேடை.
இருநூற்றுப் பதினாறில் ஒரு றெயில் பெட்டி.
சிவப்புப் பாவாடைக்கு ஒரேயொரு சரிவுக் கட்டி.
மழைக்கு மட்டும் துண்டு கிடைக்கவில்லை.
பக்கத்து மருந்துக் கடையிலிருந்து
வெறும் பனடோல் அட்டைகள் கொடுத்தேன்,
நறுக்கித் தொங்கவிட்டான்.

திங்கள் அவளை ஏற்றிவிடுவான்.
வியாழன் இறக்கிவிடுவான்.
நூறு ரூபாய் ரீலோடுக்கு வந்த மீன்வாடி நஸ்லிம்
"ஏத்து தம்பி, பாவம்" என்பார்.
றெஜினா ரீச்சருக்கு அது பிடிக்காது:
"அவன் இறங்கினால் என்னவாம்?"
தேடிப் பார்த்துச் சொல்லட்டா என்று
போனை எடுத்தேன் ஒருநாள்.
முறைத்தான்.

நேற்றுக் கடை திறந்தால்
தண்டவாளத்தின் நடுவில் ஒரு மான்.
பழுப்புக் கட்டி ஆறு,
கொம்புக்கு ஒடித்த பல்லுக்குத்தி.

உட்துறைமுக வீதியில்
எத்தனை ஹோர்ன் அடித்தாலும்
பொலித்தீன் மென்றபடி
ஓட்டோக்களை மறிக்குமே, அதே நிற்பு.

பெட்டிக்கு இரண்டு சாவி.
ஒன்று என் மேசை லாச்சியில் கிடப்பதைப் பற்றி
நாங்கள் இருவரும் பேசவில்லை.

மானை அவன் எடுக்கவுமில்லை.

றெயில் இனி அசையாது.
அவள் ஓடவேண்டியதில்லை,
மூச்சு வாங்கிக்கொண்டு நடந்தே வரலாம்.
கதவில் அந்தக் கை,
முழங்கை மடங்காத பிளாஸ்ரிக் கை,
நீட்டியபடியே.