விடுமுறை என்று தெரியாமல்

புறக்கோட்டையில் அத்தனை ஷட்டரும் இறங்கிக் கிடந்தன.
பௌர்ணமிக்கு இங்கே ஊரே லீவு என்று
டிக்கெட் போட்டுத் தந்தவன் சொல்லவில்லை.
தீப்பெட்டி மெஷின் கேட்ட ஹாஜியாரும் சொல்லவில்லை.
பையில் கேட்டலாக், பத்து சாம்பிள் பெட்டி.
"நாளைக்கு வாங்க" என்றார் போனில்.
"இண்டைக்கு ஊரைப் பாருங்க."

ஆட்டோக்காரர் பெயர் தம்மிக்க.
வெங்காய மூட்டை தூக்கிய காலத்தில் கற்ற தமிழ்:
விலை சுத்தமாக வரும், வினைச்சொல் தடுக்கும்.
"பன்சல போ? மூணு பன்சல. நாலாயிரம்."

கங்காராமயவில்
வந்த காணிக்கை எதையும் வேண்டாமென்று சொன்னதில்லை போல.
பழைய கார், நின்றுபோன கடிகாரங்கள்,
யார் யாரோ கழற்றி வைத்த மூக்குக்கண்ணாடிகள்.
எல்லாம் விட்டுப் போனவருக்கு
இத்தனை சாமான்.
லென்ஸ் வழியே மட்டும் தெரியும் கடுகளவு புத்தர் ஒருவர்.
குனிந்தேன்.
முதலில் தெரிந்தது என் இமைமயிர்.

எல்லாரும் வெள்ளை.
நான் மட்டும் மெரூன் கட்டம் போட்ட சட்டை,
சாத்தூரில் பஸ் ஏறிய அதே கோலம்.
"பண சொல்றாங்க" என்றார் தம்மிக்க.
பணமில்லை, பண. உபதேசம்.
அது முடியும்வரை ஒரு சின்னப்பெண்
என் முதுகுக் கட்டங்களை விரலால் எண்ணிக்கொண்டிருந்தாள்.

பெய்ரா ஏரிமேல் சீமமாலகம்.
தரை கொதித்தது.
எல்லாரும் நிதானமாக நடக்க, நான் ஒருவன் தவளை.
தண்ணீரில் தலைகீழாய் நின்ற கட்டடத்தின்
நாற்பதாவது மாடியில் இறங்கி
மீனைத் தூக்கிப் போனது ஒரு கூழைக்கடா.

தம்மிக்க பூத்தட்டு நீட்டி "அரலிய" என்றார்.
திக்கென்றது.
எங்கள் பக்கம் அரளி என்றால்
கடன் முற்றியவர்கள் அரைத்துக் குடிப்பது.
பார்த்தால், பள்ளிக்கூட வாசலில் உதிர்ந்து கிடந்த அதே பூ.
ஈழத்தலரி என்போம்.
அதில் ஈழம் எதற்கு என்று
ஐம்பது வருஷம் நான் கேட்டதில்லை.

களனி வழியில் தூறல்.
பாலத்தருகே நாலைந்து பையன்கள் வண்டியை மறித்தார்கள்.
பர்ஸைத் தொட்டுக்கொண்டேன்.
அவித்த மரவள்ளியும் தேங்காய்ச் சம்பலும் மடியில் திணித்து
அடுத்த வண்டியை மறிக்கப் போய்விட்டார்கள்.

களனியில் பக்கச் சந்நிதி ஒன்றுக்குப் பழத்தட்டுகளோடு நீளமான வரிசை.
"யாரு சாமி?"
"விபீஷண தெய்யோ."

அப்படியே நின்றேன்.
போன மாசம் சாத்தூர் முன்சீப் கோர்ட்டில்
எதிர்த்தரப்புக்காக ஏறி
"கிணறு பொதுக்கிணறுதான்" என்று சாட்சி சொன்னான் என் தம்பி.
அவன் படியிறங்குகையில் முதுகுக்குப் பின்னால்
நான் கத்திய பெயர் இது.
குமாஸ்தாகூடச் சிரித்தார்.

இங்கே அந்தப் பெயருக்குப் பட்டுத்திரை, ஊதுபத்தி,
திரைக்கு நேரே கைக்குழந்தையைத் தூக்கிக் காட்டும் தகப்பன்.

பூசாரி ஏதோ கேட்டார்.
"யாருக்கு சொல்ல?" என்றார் தம்மிக்க.
என் பெயர்தான் நாக்கில் இருந்தது.
"சொர்ணவேல்" என்றேன்.
நீளமான சிங்கள வேண்டுதலின் நடுவில்
அவன் பெயர் மட்டும் எனக்குப் புரிந்தது.
என்ன கேட்டுக்கொடுத்தாரோ.
கேஸ் அவன் பக்கம் ஜெயிக்கட்டும் என்றுகூட இருக்கலாம்.
கிணறு யாருடையது என்று யாரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால்
அந்த வரிசையில் நின்று பொய் சொல்லியிருக்க மாட்டேன்
என்று நினைக்கிறேன்.

அரசமரத்தடியில் விளக்கேற்ற நின்ற அம்மாளின்
தீப்பெட்டி நமத்திருந்தது.
ஒரு சாம்பிளைப் பிரித்துக் கொடுத்தேன்.
முதல் குச்சி தலை உதிர்ந்தது. இரண்டாவதும்.
என் மானம் போயிற்று.
மூன்றாவது பற்றியது.
பிறகு பக்கத்துக் கை, அதற்குப் பக்கத்துக் கை.
பெட்டி திரும்பி வரவில்லை.
அடுத்ததைப் பிரித்தேன்.

ஹோட்டல் வாசலில் தம்மிக்கவுக்கு நாலாயிரம் எண்ணினேன்.
பையில் கேட்டலாக் மட்டும்.
ஹாஜியாரிடம் நாளைக்கு எதைக் காட்ட?