கரைவுக் கணக்கு

ஹோமா பே ஏரிக்கரையில் ஐஸ்கட்டி விற்கிறேன்.
கட்டி இருநூறு ஷில்லிங்.
அச்சிலிருந்து கழன்ற நொடி முதல்
என் சரக்கு
என்னை விட்டுப் போய்க்கொண்டே இருக்கிறது.
பக்கத்துக் கடைக்காரிக்கு இந்தத் தொல்லை இல்லை.
இன்று விற்காத சோளம்
நாளைக்கும் சோளம்தான்.

முதல் மாதம் முழுக்கச் சிரிப்பு.
பலகையில் நீலச் சாயத்தில்
அபோந்தி ஐஸ் என்று நானே எழுதினேன்,
கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் நெருக்கி.
கூட்டுறவுச் சங்கத்தில் கடன்.
அக்கா புருஷன் ஒகெல்லோவின் ஜாமீன் கையெழுத்து.
அந்தக் கையெழுத்து
சாப்பாட்டு மேசையில் என் எதிரே உட்காரத் தொடங்கியது
இரண்டாம் மாதத்தில்.

மின்சாரம் போகும், வரும், போகும்.
தலையணைக்கடியில் போன்.
ஜெனரேட்டர் உறுமினால்
டீசல் தீர்கிறதே என்று தூக்கமில்லை.
உறுமல் நின்றால்
நின்றுவிட்டதே என்று.

நீர்யானைக்கு இமைமுடி உண்டா அம்மா
என்று கேட்டாள் வெரா.
இருநூறு, கடன் கிடையாது என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
என்ன சொன்னேன் என்பதே
தட்டைக் கழுவும்போதுதான் எனக்குக் கேட்டது.

ஒரு விடியலில் பன்னிரண்டு படகுகள்,
மீன் நிரம்பி,
அத்தனை பேரும் என் பெயரைக் கூவியபடி.
நான் வேண்டிக்கொண்ட காலை அது.
விரல்கள் கொக்கியைப் பிடிக்க மறுத்தன.
நெஞ்சின்மேல் யாரோ ஒரு கட்டியை வைத்தார்கள்.
எத்தனையோ கட்டி விற்றவள்,
கரையாத கட்டியை அன்றுதான் கண்டேன்.

மாரடைப்பு இல்லை என்றார் நர்ஸ் நியக்வாகா.
எத்தனை மணி நேரம் தூங்குகிறாய்?
நான் மெஷினைப் பற்றிச் சொன்னேன்.
உன்னைக் கேட்டேன்.
நான் மெஷினைப் பற்றியே சொன்னேன்:
பதினெட்டு மணிக்கு ஒருமுறை
நாற்பது நிமிடம் அணைத்து வைக்கணும் மேடம்,
இல்லாட்டி அதன் குழாய்மேலேயே பனி ஏறிடும்,
சத்தம் இருக்கும், குளிர் இருக்காது...

அவர் எழுதுவதை நிறுத்தினார்.
நானும் நிறுத்தினேன்.
வெளியே வரிசை நீளம்.
ஒரு சீட்டைக் கிழித்து,
வியாழன் மூன்று மணி, பின்கட்டு அறை என்றார்.
அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

பின்கட்டு அறையில் ஐந்து பிளாஸ்டிக் நாற்காலி.
புதிதாக முடிதிருத்தகம் திறந்தவன்,
தவணையில் டாக்ஸி பைக் வாங்கிய பெண்,
கோழிப்பண்ணை வைத்து
எண்ணூறு குஞ்சுகளை ஒரே இரவில் புதைத்தவர்.
கடன் எவ்வளவு என்று முதல் வாரம் யாரும் சொல்லவில்லை.
மூன்றாம் வாரம் எல்லாரும் சொன்னோம்.
மொத்தத்தைக் கூட்டிப் பார்த்து
முடிதிருத்துபவன் விசிலடித்தான்.
கோழிக்காரர்தான் முதலில் சிரித்தார்.

இரவு எட்டுக்கு மேல் போன் ஒகுமுவிடம்.
ஞாயிறு கடை அடைப்பு.
இரண்டு படகுகள் ம்பிட்டாக்காரனிடம் போயின.
ஒன்று திரும்பியது.
நியாகுதி திரும்பவில்லை.
கரையில் பார்த்தால் கையசைக்கிறான்,
நானும் அசைக்கிறேன்,
வலிக்கத்தான் செய்கிறது.
தவணை இன்னும் பதினான்கு பாக்கி.
சில இரவு இப்போதும்
இரண்டு மணிக்கு முழிப்பு வந்துவிடும்.
போனைத் தேடிக் கை போகும்,
தலையணையின் மறுபக்கக் குளிர்ச்சியைத் தொட்டுவிட்டு வரும்.

நோட்டில் டீசலுக்கும் மரத்தூளுக்கும் நடுவே
கரைவு என்று ஒரு வரி.
முன்பு அதைச் சிவப்பில் எழுதுவேன்.
இப்போது எல்லாச் செலவுக்கும் ஒரே பேனா.

போன ஞாயிறு வெராவோடு
நீர்யானை பார்க்கப் போனேன்.
அரை நாள் உட்கார்ந்திருந்தோம்.
காதுகள் மட்டும்தான் தெரிந்தன.
இமைமுடிக்கு
அடுத்த ஞாயிறு.