இரண்டு மணி

கதிரை வேறொருவரின் அளவில் நின்றது.
காலையில் வந்த கூடைப்பந்துப் பையன், ஆறடி இரண்டு.
அவனுடைய முழங்கை ஓய்ந்த கிண்ணத்தில்
கிளமென்றின் முன்கையின் நடு வந்து கிடந்தது.

திருகைத் தளர்த்தினேன். வரவில்லை.
வெள்ளவத்தை, கடற்கரைப் பக்க ஒழுங்கை;
உப்புக் காற்று இரும்பைத் தின்னும்.
துணி சுற்றித் திருப்பினேன்.
அலுமினியத் தண்டில் கீறிய எண்கள் இறங்கின:
முப்பத்து நாலு, முப்பத்து மூன்று, முப்பது.
"அவ்வளவு குட்டையா மிஸ் என்ட கை?"
கை குட்டையில்லை,
தண்டுதான் நீளம் என்றேன்.

மோட்டர் சுழலும் அச்சும்
மூட்டு சுழலும் அச்சும்
ஒன்றையொன்று பார்க்க வேண்டும்.
கையேட்டில் அது ஒரு சிவப்புப் புள்ளி.
ஆளில் அது
சட்டைக்குக் கீழே, தையல் தழும்புக்குக் கீழே,
எலும்பின் விளிம்பு வரை போய்
இரண்டு விரல் இறங்கி
கண்ணை மூடித் தேட வேண்டிய இடம்.

பட்டிகளை இறுக்கினேன்.
ஒரு விரல் நுழையும் அளவுக்கு விட்டேன்.
ஓடவிட்டேன்.
"எப்படி?"
"நல்லா இருக்கு மிஸ்."
கேட்டவுடன் நல்லா இருக்கு என்பவர்களை
நான் நம்புவதில்லை. காதைப் பார்த்தேன்.
கை ஏறவில்லை,
தோள்தான் ஏறிக்கொண்டிருந்தது
காதுக்கு எதையோ முறையிடப் போவதுபோல.

நிறுத்தி, முன்னால் போய் நின்று பார்த்தேன்.
வலத்தோள் இடத்தோளைவிட அரை அங்குலம் பதிவு.
இருபத்தாறு வருஷம்
மொரட்டுவை புறக்கோட்டை, நூற்றியொன்று.
வலக்கை கூரைக் கம்பியில்,
இடக்கை விரலிடுக்குகளில் மடித்த நோட்டுகள்.
அந்த விரல்கள் இன்னும்
நோட்டுக்கு இடம் விட்டபடியே இருந்தன.

இரண்டு தோளும் ஒரே உயரம் என்று
நம்பிய யாரோ செய்த யந்திரம்.
அச்சை இறக்கினேன்.
பின்னால் காய்ந்துகொண்டிருந்த துவாயை
நாலாக மடித்து முழங்கைக்குக் கீழே வைத்தேன்.
கையேட்டில் துவாய் இல்லை.

இடக்கையில் நிறுத்தும் பொத்தானைக் கொடுத்தேன்.
ஒரு தரம் அழுத்தினால் நிற்கும்.
"தெரியும். ஒரு மணி, நில். ரெண்டு மணி, போ."
இல்லை, இரண்டாம் தரம் அழுத்தினால்
வந்த வழியே திரும்பிப் போகும்.
அவருக்குப் பிடிக்கவில்லை.
"பாதி ரோட்டில திருப்புற பஸ்ஸா?
ஆக்கள் காசைத் திருப்பிக் கேப்பினம், மிஸ்."

முப்பது பாகை.
மோட்டர் முனகியது. தோள் அசையாமல் இருந்தது.
கை மட்டும், யாருடையதோ போல, எழும்பியது.
"கல்கிசை," என்றார்.
நாற்பதில் தெஹிவளை.
"நகின்ன, நகின்ன," ஏறு ஏறு என்று
கம்பிக்கடியில் நின்று சனத்தைக் கூப்பிட்ட சிங்களத்தில்
தன் கைக்கே சொன்னார்.
ஐம்பதில் வெள்ளவத்தை.
அப்போது சன்னல் அதிர ரயில் ஒன்று போனது,
இரண்டு பேரும் சிரித்தோம்.
அறுபது, பம்பலப்பிட்டி.

அறுபத்திரண்டில் பொத்தானை அழுத்தினார்.
"நோகுதா?"
"இல்லை."
"பட்டி இறுக்கமா?"
"இல்லை மிஸ்."
திரையில் எண் நின்றது. கை காற்றில் நின்றது.
"அடுத்தது கொள்ளுப்பிட்டி."

அறிக்கையில் எழுதியிருந்தது:
சடுதியான பிரேக், தசைநார்க் கிழிவு.
எந்தச் சந்தி என்று எழுதியிருக்கவில்லை.

டொக்டர் தந்த எல்லை தொண்ணூறு.
மேல் எல்லையை அறுபத்திரண்டுக்கு மாற்றினேன்.
பொத்தானை அவரே மறுபடி அழுத்தினார்.
கை இறங்கியது, ஊர் ஊராக, சத்தமில்லாமல்.

கார்டில் 'மேல் எல்லை' என்ற கட்டத்தில்
பம்பலப்பிட்டி என்று எழுதிவிட்டேன்.
நாளைக்குக் காலை துஷாரி வாசித்துக் குழம்பட்டும்.
தண்டு முப்பது, துவாய் ஒன்று என்றும் சேர்த்தேன்.

வாசலில் மனைவி தூக்குப்பட்டியைச் சரிசெய்தாள்.
"பஸ்ஸில போவமா, ஓட்டோ பிடிப்பமா?"
அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.
"பஸ்ஸில எப்பிடி இருக்கிறது எண்டே
எனக்குத் தெரியாது, மிஸ்."