சொடுக்கு

கிம்லியில் ஏரி கல்லாகி இரண்டு மாதம்.
வாசலில், பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்து நாலு.
உள்ளே என் ஃபிரிட்ஜில் பால் திரிந்துவிட்டது.

சிரிக்காதீர்கள்.
படகுகள் பனிக்குள் நின்றபடி தூங்குகிற ஊரில்
குளிர் போதவில்லை என்று புகார் சொல்ல
எனக்கே வெட்கம்தான்.
"தூக்கிப் படிக்கட்டில் வை" என்றான் ஸ்டெய்னி.
வைத்தேன். காலையில்
அட்டைப்பெட்டி வீங்கி வெடித்துக் கிடந்தது.

மேலே ஃப்ரீசரில் மீன் பாறை.
கீழே வெண்ணெய் வழிகிறது, கீரை தொங்குகிறது.
ஒரே அலமாரிக்குள் இரண்டு பருவம்.
கம்ப்ரசர் மட்டும்
இரவு பகல் தெரியாமல் முனகிக்கொண்டே.

தெர்மோஸ்டாட் என்று நினைத்தேன் முதலில்.
அறுபத்தெட்டு டாலர், வின்னிபெக்கிலிருந்து.
மாற்றினேன். முனகல் மாறவில்லை.
பழையது, பாவம், ஒரு குற்றமும் அறியாதது,
இன்னும் இழுப்பறையில் கரண்டிகளோடு கிடக்கிறது.

அப்புறம்தான் ஃப்ரீசரின் பின்பலகையைக் கழற்றினேன்.
சுருள்குழாயைக் காணோம்.
அது இருந்த இடத்தில் ஒரு வெள்ளைச் சுவர்,
அடை அடையாய், செதில் செதிலாய்.
விசிறி மூச்சுவிட ஒரு விரல் சந்தில்லை.
குளிர் சேர்ந்து சேர்ந்து
குளிரின் வழியையே அடைத்துவிட்டது.
ஓயாமல் உழைத்ததே அதன் நோய்.

ஓயச் சொல்ல ஓர் ஆள் உண்டு:
உதைபலகைக்குப் பின்னால்
பூனைமுடி போர்த்திய டைமர்,
தீப்பெட்டிக்குக் கொஞ்சம் பெரியது.
எட்டு மணி நேரம் ஓடவிடு,
பிறகு சற்று நிறுத்து, ஹீட்டரை எழுப்பு.
வேறு வேலையே கிடையாது அதற்கு.
அதையும் மறந்துவிட்டது.

குப்புறப் படுத்தேன். கன்னத்தில் சில்லென்று தரை.
திருப்புளியை அதன் பள்ளத்தில் நிறுத்தி
வலப்பக்கமாய்
இன்னும் கொஞ்சம்
இன்னும்

டக்.

முனகல் நின்றது.
பதினொரு நாளாய் நான் கத்திக் கத்திப் பேசிவந்தது
அப்போதுதான் தெரிந்தது.
"என்ன ஆச்சு?" பக்கத்து அறையில் ஸ்டெய்னி
மரியாதையாய்க் குரல் தாழ்த்திக் கேட்டான்.
சுவருக்குள் ஒரு துளி, காய்ந்த கம்பியில் விழுந்து
ஸ்ஸ்.
இன்னொன்று.
ஹீட்டர் உயிரோடிருக்கிறது.

ஒரு மணி நேரம் பார்த்தேன், காப்பி ஆறியது.
டைமர் தானாக நகரவில்லை, இம்மியும்.
போதும். தீர்ப்பு எழுதியாயிற்று.

புதியது வியாழக்கிழமை வந்தது:
நாலு கால், கூடவே ஒரு தனிக் கம்பி.
ஒன்றாம் காலில் செருகினால் ஒரு கணக்கு,
மூன்றாம் காலில் வேறு கணக்கு.
கூடவந்த தாள் இரண்டுமே சரி என்றது,
கல்யாணத் தரகரைப் போல.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பழையதைக் கழற்றினேன்.
முதுகில் பென்சில் எழுத்து, கோணல்மாணலாய்:
"மூணு! ஒண்ணு இல்லை!! ரெண்டு தடவை கழற்றினேன்.
குட்னி, பிப்ரவரி."
ஆண்டு அழிந்திருந்தது.
இந்த வீட்டை எங்களுக்கு விற்றவர்கள்
குட்னி என்று யாரையும் சொல்லவில்லை.
ஆனால் இதே தரையில், இதே மாதத்தில்,
கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டு ஒருத்தி
கன்னம் சில்லிடக் கிடந்திருக்கிறாள்.

மூன்றில் செருகினேன்.
புதியதன் முதுகில் எழுதினேன்: "மூணு. அவள் சொன்னது சரி."
பேர் எழுத இடம் போதவில்லை.

அன்றிரவு விழித்துக்கொண்டேன், சத்தம் கேட்டு அல்ல,
சத்தம் போய்விட்டதால்.
ஸ்டெய்னி குறட்டையை நிறுத்தியிருந்தான்,
ஏரியும் ஒன்றும் விரிசல்விடவில்லை.
சமையலறையில் துளி, ஸ்ஸ், துளி.
மணி பார்த்து எண்ணலாம் என்று படுத்திருந்தேன்,
எத்தனை நிமிடம் ஓய்கிறது என்று.

எப்போது மறுபடி ஓடத் தொடங்கியதோ
தெரியாது.