குதிரையின் நிழல்

பத்துக்கு நான்கு.
ஹெல்வி ரந்தாலா எழுதியிருந்தாள்:
உறைந்த ஏரியின் மேல்
நாற்பது மணிநேரம் தபால் சுமந்தேன்.
குதிரை நன்றாக மூச்சு விடுகிறது.
ஆனால் அதற்கு நிழல் இல்லை.
நிழலில்லாத ஒன்றின் முதுகில்
எந்தக் கடிதத்தை நம்பி ஏற்றுவது?

துர்க்கு நகரில் நவம்பர்.
பிற்பகல் நான்குக்கே
ஆற்றைச் சுருட்டி வைத்துவிடும் இருட்டு.
மூன்றாம் மாடியில் பதினேழு பேர்
ஆளுக்கொரு காய்ந்த ஏலக்காய் ரொட்டியோடு
அந்தப் பத்தியை வாசித்தோம்.
ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.
"மூச்சைப் பாராட்டியிருக்கிறாளே" என்றான்
மூச்சைச் செய்த ஓஸ்மோ.

நிழலைச் செய்தவள் நான்.
ஆகஸ்டில் அதைத் தூக்கியவளும் நான்தான்.
பழைய கருவிகளில் ஆட்டம் திக்குகிறது,
எதையாவது இறக்கு என்றார் தோர்ஸ்தன்.
எதை என்றேன்.
யாரும் கவனிக்காததை என்றார்.

எட்டு வாரம் அதன் பின்னாலேயே நடந்திருந்தேன்.
காலையில் குளம்பிலிருந்து நீளும்,
உச்சியில் வயிற்றுக்கடியில் ஒடுங்கும்,
பனிமேடு ஏறும்போது இரண்டாய் முறியும்,
சேணப்பையின் வார்கூட அதில் தனியே ஆடும்.
ஒரே வரியை அழித்தேன், போய்விட்டது.
குதிரை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இரவு ஒன்றரைக்கு
நிறுவனத் தலைவர் தோர்ஸ்தன் விக்மன்
ஊரறியப் பதில் எழுதினார்.
விமர்சகர் அவசரத்தில் விளையாடியிருக்கிறார்.
வீட்டில் நல்ல திரை இல்லை போலும்.
நிழல் இருக்கிறது,
பார்க்கத் தெரிந்தவர்களுக்கு இருக்கிறது.
எங்கள் பிள்ளைகள் ஐந்தாண்டு தூங்கவில்லை,
அதையும் நினைத்து மதிப்பெண் இடுங்கள்.

எங்களைக் கேட்காமலே
எங்கள் தூக்கத்தை எடுத்துச் செலவழித்திருந்தார்.

விடிவதற்குள் பன்னிரண்டாயிரம் பேர் கைதட்டினார்கள்.
ஹெல்விக்கு மூக்குக்கண்ணாடி வாங்க
யாரோ உண்டியல் வைத்தார்கள்.
வேறு சிலர் அவளுக்கு எழுதியதை
நான் இங்கே எழுதப்போவதில்லை.

இரண்டே காலுக்கு என் தொலைபேசி அடித்தது.
"அந்த நிழலை எங்காவது வைத்திருக்கிறாயா?"
வைத்திருந்தேன்,
ஜோடி தொலைந்த ஒற்றைக் கையுறையை
எறிய மனமில்லாமல் வைத்திருப்போமே, அப்படி.
"காலைக்குள் போட்டுவிடு."
ஆட்டம் திக்குமே என்றேன்.
"திக்கட்டும். ஒரு வாரம் திக்கட்டும்."

நிழலின் அருமை வெயிலில் தெரியுமாம்.
வெயிலே இல்லாத மாதத்தில்
எங்கள் தலைவருக்குத் தெரிந்தது.

ஐந்து மணிக்கு அது குதிரையிடம் திரும்பியது.
தபால் இல்லாமல் ஒரு முறை
ஏரியைக் கடந்து பார்த்தேன்.
கூடவே வந்தது, வார் ஆட, மேட்டில் முறிய.
அழகாக இருந்தது.
வெட்கம் அதில்தான்.

இனி மாற்றங்களின் பட்டியல்.
ஒவ்வொரு திருத்தத்தோடும் போகும், எழுதுவது என் வேலை.
மீனவன் குடிசையின் கதவு இனித் திறக்கும்.
பனிப்புயலில் நாய் மறையாது.
இப்படி முப்பது வரி.
முப்பத்தொன்றாவது: குதிரையின் நிழல்
மேம்படுத்தப்பட்டது.
இது தோர்ஸ்தன் சொல்லியனுப்பிய சொல்.

இருப்பதைத்தானே மேம்படுத்த முடியும்.

அழித்தேன்.
சேர்க்கப்பட்டது என்று அடித்தேன்.
அழித்தேன்.
விரல் நுனி ஜில்லென்றிருந்தது, அறை வெதுவெதுப்புதான்.
மறுபடி அடித்தேன்.

காப்பியோடு வந்த ஓஸ்மோ
என் தோளுக்கு மேலாக வாசித்தான்.
கோப்பையை மெதுவாக வைத்தான்.
"முப்பத்தொன்றாவது வரி வரைக்கும்
யார் வாசிப்பார்கள்?"

நாற்பது மணிநேரம் விளையாடியவள் வாசிப்பாள் என்றேன்.
அனுப்பினேன்.

எட்டரைக்கு ஆற்றின் மேல் சாம்பல் வெளிச்சம்.
பாலத்தில் யாரோ
சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.
குனிந்து பார்த்தேன்.
நிழல் விழவில்லை.