மூன்றாவது துளை

தம்மாம் ஹராஜில் நூற்றைம்பது ரியால் சொன்னான்.
ஒயரைத் தூக்கிக் காட்டினேன்,
அறுபதுக்கு இறங்கினான்.

நாலு வால்வு ஆம்ப்ளிஃபயர்.
டிரான்ஸ்பார்மர் மட்டும் கைக்குழந்தை கனம்.
ஒயரோ காய்ந்த கருவாட்டுத் தோல்:
மடக்கினால் உதிர்ந்தது, உள்ளே செம்பு பல்லைக் காட்டியது.
மூன்று இடத்தில் டேப், மூன்று நிறத்தில்.
ஆக மூன்று பேர் பயந்திருக்கிறார்கள்,
ஒருவரும் மாற்றவில்லை.

பின்பக்க செலக்டர் 127இல் நின்றிருந்தது.
இந்த ஊர் கரண்டுக்கு முன்பொரு வயது இருந்தது.
230க்குத் திருப்பிவிட்டு அன்றைக்கு விட்டேன்.
நைட் டூட்டி முடித்து வந்த பிலோமினாள்
நான் பல் விளக்கும் நேரத்தில் செருகிவிட்டாள்.
"கடிக்குதுடி," என்றாள். "செவ்வெறும்பு கணக்கா."

அந்த எறும்பை எண்ணுவதுதான் எனக்குச் சம்பளம்.
நோயாளியைத் தொடும் ஒவ்வொரு மெஷினிலும்
கசிவை மைக்ரோ ஆம்பியரில் அளந்து
பச்சை ஸ்டிக்கர் ஒட்டுகிறவள்.
வீட்டில் ஸ்டிக்கர் ஒட்டுவதில்லை.

வெள்ளிக்கிழமை, செய்தித்தாள் விரித்து, தலைகீழாகக் கவிழ்த்தேன்.
பிடுங்கிப் போட்ட பிறகும் உயிர் பிடித்து வைத்திருக்கும்
அந்தத் தகர டப்பா கெபாசிட்டர்கள்.
ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு
மறுகையில் ரெசிஸ்டரால் தொட்டு
மீட்டர் பூஜ்யம் காட்டும்வரை காத்திருந்தேன்,
காட்டியதும் இன்னொரு தரம் தொட்டேன்.

லைனுக்கும் சேசிஸுக்கும் நடுவே
மெழுகு வழிந்த ஒரு சின்னக் கெபாசிட்டர்:
எறும்புப் புற்று அதுதான்.
வெட்டி எறிந்தேன்.

புது ஒயர், மூன்று கோர்.
துளையில் ரப்பர் வளையம், உள்ளே இறுக்கும் கிளிப்,
இழுத்தால் சோல்டரிங்கில் வலி சேராதபடி.
பழுப்பு ஃப்யூஸுக்கு, ஃப்யூஸிலிருந்து சுவிட்சுக்கு.
நீலம் நேரே.
பச்சை-மஞ்சளுக்குத் தனி போல்ட்;
பெயிண்டைச் சுரண்டி, பல்வாஷர் வைத்து முறுக்கினேன்.
அதை மட்டும் மற்ற இரண்டையும்விட நீளமாக விட்டேன்.
என்றைக்காவது யாராவது தடுக்கி இழுத்தால்
கடைசியாக அறுபட வேண்டியது அது.

எல்லாம் சரி.
செருகுவதற்கு முன் ஏனோ சுவரையும் அளந்தேன்.
லைன், நியூட்ரல்: 228.
லைன், எர்த்: 31. 44. 19.
சாராயம் குடித்தவன் நடை.

பிளேட்டைக் கழற்றினால்
இரண்டே ஒயர்.
மூன்றாவது திருகு கடைப் பளபளப்போடு,
ஒரு ஸ்க்ரூடிரைவரும் தொடாமல்.

இஸ்திரிப் பெட்டி பாயிண்ட்: இரண்டு ஒயர்.
வாஷிங் மெஷின்: இரண்டு.
ஸ்டூல் போட்டு ஏறினேன், கீசர்: இரண்டு.
ஆறு வருஷமாக அதன் கீழே
ஈரத் தலையோடு நின்றிருக்கிறோம்,
அவள் காலையில், நான் ராத்திரியில்.

காவல்கார மொனிருல் மேலே வந்து பார்த்தான்.
"அர்த் மாஃபி," என்றான், "முஷ்கிலா மாஃபி.
இருபது சால் ஆச்சு, யாரும் கேக்கல."
அவன் அரபியில் மண்ணைச் சொன்னான்,
எனக்கு எர்த் என்று கேட்டது.
இரண்டும் இல்லை என்பது இருவருக்கும் புரிந்தது.

போட்டோ எடுத்து ஹவுசிங் ஆபீசுக்கு அனுப்பினேன்.
பதில் இல்லை.
ஆஸ்பத்திரி ஃபார்மில், சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பினேன்.
பதினோராம் நாள் ஆள் வந்தது.
கட்டிடத்துக்குப் பின்னால் குழி,
செம்புக் கம்பி, உப்பு, கரி.
குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள்;
அல்கோபார் மணல் குடித்துவிட்டு
இன்னும் கேட்டது.
பன்னிரண்டு வீட்டுச் சுவரையும் கிழித்தார்கள். சிமெண்டுத் தூசியில் எல்லாரும் என்னைத் திட்டினார்கள்.

பிறகு ஒரு ராத்திரி,
நூறு வாட் குண்டு பல்பை வரிசையில் கோத்துச் செருகினேன்.
பல்பு பளீரென்று எரிந்து
யோசித்து
சிவந்து அடங்கியது.
வால்வுகளுக்குள் ஆரஞ்சு ஊறியது.

பிலோமினாள் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.
"எறும்பு செத்துப் போச்சு."
அவளுக்குப் பிடித்த எதையோ போனிலிருந்து போட்டுவிட்டு
துண்டெடுத்துக்கொண்டு குளிக்கப் போனாள்.

கீசர் சுவிட்ச் விழும் சத்தம்.
பாட்டைக் குறைத்துவிட்டு
தண்ணீர் நிற்கும்வரை
அதையே கேட்டுக்கொண்டிருந்தேன்.