புள்ளி என்றொரு ஃபோல்டர்

சோஹார் துறைமுகத்தில்
கப்பலுக்கு முன்னால் மெயில் வரும்.
வருவதை வகைக்கு வகை ஒதுக்க
விதி எழுதி வைத்திருந்தேன்.
ஐ.டி. பையன்கள் பாஷையில் ரூல்.
'சுங்கம்' என்றிருந்தால் சுங்கத்துக்குப் போ.
'வங்கி' என்றிருந்தால் வங்கிக்குப் போ.
'அவசரம்' என்றிருந்தால்
ஆறிக் கிட.
இங்கே எல்லாமே அவசரம்.

பிறகு அந்த ஆட்டுக் கப்பல்.

பெர்பெராவிலிருந்து ஆயிரத்து எழுநூறு ஆடுகள்.
ஜூலை. மூக்குக் கண்ணாடிக்கே வியர்க்கும் மாதம்.
கால்நடை ஆய்வாளரின் மெயில்
இரவு ஒன்பது பத்துக்கு வந்து
கால்நடை ஃபோல்டரில்
சமத்தாகப் படுத்துக்கொண்டது.
தலைமாட்டில் ஃபோன்
மூச்சு விடவில்லை.
காலை ஆறரை வரை
ஆயிரத்து எழுநூறு தொண்டை
கரையைப் பார்த்துக் கத்தியிருக்கிறது.
நான் நன்றாகத் தூங்கினேன்.

தாமதக் கட்டணம் நானூற்றுப் பத்து ரியால்.
முதலாளி ஏசவில்லை.
தேநீர்க் கோப்பையின் காதைப்
பிடித்துப் பிடித்துத் திருப்பினார்.

அனீஸ் என் ஃபோனை வாங்கிப் பார்த்தான்.
"சேச்சி, ஃபோல்டருக்குப் போனதுக்கு மணி அடிக்காது.
முன்வாசல் வழியா வர்றவனுக்குத்தான் காலிங் பெல்.
நீங்க எல்லாரையும் கொல்லை வழியா விட்டிருக்கீங்க.
எல்லாத்துக்கும் டிக் போடட்டா?"
போடு என்றேன்.
எத்தனை கொல்லை என்று
எண்ணிப் பார்க்கவில்லை.

அன்று இரவு பத்தேகால்.
வாஷிங் மெஷின் மேல் வைத்த ஃபோன்
மெஷினோடு சேர்ந்து நடுங்கியது.
திரையில் ஃபோல்டரின் பெயர்
ஒரு புள்ளி.
பெயர் எழுத மனசில்லாமல்
இரண்டு வருடம் முன்பு
நானே வைத்தது.

பெர்பெத்தா.
மணப்பாட்டுக்காரி.
ஓர் அறை, இரண்டு கட்டில்,
குறுக்கே கட்டிய கயிற்றில்
அவள் கேட்டரிங் சட்டையும் என் துப்பட்டாவும்.
இருநூற்று இருபது ரியால் வாங்கினாள்.
வியாழன் ராத்திரி மீன் பொரித்தாள்.
வெள்ளிக்கிழமை கட்டில் காலி.
இந்த முகவரியிலிருந்து எது வந்தாலும்
என் கண்ணில் காட்டாதே என்று
எழுதினேன் ஒரு விதி.
எழுதியவளுக்கே மறந்த பிறகும்
அது வேலை செய்துகொண்டிருந்தது.

இருபத்தாறு மெயில்.
ஒன்றும் படிக்காததால் எல்லாம் தடித்த எழுத்து.
முதலாவதைத் திறந்தேன்.

"ஏட்டி, ஒன் குக்கர் வெயிட்டு என் பைல வந்துட்டு.
ஏர்போட்டுல நிப்பாட்டி இது என்னன்னு கேக்கான்.
பருப்பு வேவணும்லா, அதுக்குன்னேன்.
அவனுக்கு வெளங்கல.
அம்மைக்குச் சொகமில்ல, சொல்ல நேரமில்ல.
நீ இப்ப எப்படிப் பொங்குத?"

மூன்று நாள் தேடினேன் அந்த வெயிட்டை.
மாவு டப்பாவில், கட்டிலடியில்.
கடைசியில் பக்கத்து அறைக்காரியிடம்
அதையும் திருடிவிட்டாள் என்றேன்.
புதுக் குக்கர் ஒன்பது ரியால்.
மனசுக்குள் அதையும் அவள் கணக்கில் சேர்த்தேன்.

ஐந்தாவது மெயில்:
பணம் போட்டேன், திரும்பி வந்துட்டு,
ஒன் பழைய அக்கவுண்ட் இல்லையாம், புது நம்பர் அனுப்பு.
ஒன்பதாவதும் அதே.
பதினான்காவதில் ஒரே சொல்: நம்பர்.
அதன் பிறகு கேட்கவில்லை.
காற்று, மீன் விலை, அம்மையின் முப்பதாம் நாள் பூசை.
இன்று வந்ததில் எழுத்தே இல்லை.
ஒரு படம்.
ஜன்னல் திட்டில் என் குக்கர் வெயிட்.
அதை எட்டிப் பிடிக்கிற
ஒரு சின்னக் கை, பாதி.

மெஷின் நின்றது.
துணியை உதறிக் காயப் போட்டேன்.
கணக்கு எண்ணை அடித்தேன், அழித்தேன்.
யார் பிள்ளை என்று அடித்தேன்.
வம்பு கேட்பதுபோல் இருந்தது, அழித்தேன்.

மறுபடி அதிர்ந்தது.
கால்நடை. இன்னொரு கப்பல், அறுநூறு ஆடு.
இந்தத் தடவை கேட்டது.
அனுமதி அனுப்பிவிட்டுத்
திரும்பி வந்தேன்.

'பெயர் மாற்றவா?' என்றது ஃபோன்.
புள்ளியை எடுக்கவில்லை.
அதற்கு முன்னால் ஒரேயோர் எழுத்து வைத்தேன்.

பெ.

இப்போதைக்கு
இனிஷியல் அளவு.